டார்ப்லியின் விலகல் கடிதமும் திருமதி ஸ்டீகலின் நாயும்

அனுப்புநர்:
வெல்டா ஹாட்ஜ்,
எரிபொருள் நிரப்பும் ஊழியர்,
கவுண்டி விமானத்தளம்,
லார்க்கின்வில், ஆர்கன்சா.

பெறுநர்:
திரு. பிரென்ட் ஆஷ்மோர் அவர்கள்,
விளையாட்டுத் துறை இயக்குநர்,
லார்க்கின்வில் மாநிலக் கல்லூரி.

பொருள்: அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் தேர்வு – தற்காலிகப் பயிற்சியாளர் திரு. வெண்டல் டார்ப்லி தவறான செய்தியை நம்பி அளித்த விலகல் கடிதத்தை ஏற்காதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் அணியின் எல்லா ஆட்டங்களுக்குமான பருவச் சீட்டு வைத்திருப்பவள். கிழக்குப் பக்கம், பதினான்காம் வரிசை. திரு. டார்ப்லிக்குத் தலைமைப் பதவி தரக்கூடாது என்று இந்தப் பருவத்தில் வானொலி விளையாட்டு நிகழ்ச்சிக்கு ஆறு முறை அழைத்துப் பேசியவளும் நானே. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை என்று கருதுகிறேன்.

2. என் எதிர்ப்புக்குக் காரணம் உண்டு. ஹேடன் கல்லூரியுடனான ஆட்டத்தில் நாம் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். நான்கு நிமிடம் பாக்கி. நான்காவதும் கடைசியுமான முயற்சி, பந்தோடு தாண்ட வேண்டியது ஒரே ஒரு கஜம். அப்போது பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கச் சொன்னவர் அவர். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அக்டோபரில் தாங்கள் முந்தைய பயிற்சியாளரை நீக்கியபின், ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்த அணியைக் கட்டி இழுத்து ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்றதும் அவர்தான். தோற்ற அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே நான் பேசிக்கொண்டிருந்தேன்.

3. பயிற்சியாளர் பதவி காலியானால் நம் ஊரில் யாரும் கல்லூரியின் அறிக்கையைப் படிப்பதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. அணியின் புரவலர்களுடைய விமானம் எந்த ஊருக்குப் பறக்கிறது என்று பார்த்து, அந்த ஊர்ப் பயிற்சியாளர்தான் வரப்போகிறார் என்று முடிவுகட்டுவோம். கடந்த செவ்வாய் காலை, புரவலர்களில் ஒருவரான மரவாடி முதலாளி திரு. ஸ்டீகலின் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பினேன். போகுமிடம் கெட்டர்மன் என்றார் விமானி. கெட்டர்மன் கல்லூரிப் பயிற்சியாளர் ராய்ஸ் லாண்ட்ரம் எவ்வளவு பெரிய ஆள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே யார் ஏறினார்கள் என்று நின்று பார்க்கவில்லை. எரிபொருள் குழாயைச் சுருட்டி வைப்பதற்குள் வானொலியை அழைத்துவிட்டேன்.

4. நிகழ்ச்சி நடத்தும் கேலன் பீப்பிள்ஸ், "நம்ம ஏர்போர்ட் வெல்டாக்காவே சொல்லிட்டாங்க, இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?" என்று ஊருக்கே அறிவித்தார். மதியத்துக்குள் லாண்ட்ரம் பெயர் போட்ட சட்டையே விற்பனைக்கு வந்துவிட்டது. அன்று மாலையே திரு. டார்ப்லி தம் பெயரை விலக்கிக்கொள்வதாகத் தங்களுக்குக் கடிதம் கொடுத்தார்.

5. புதனன்று விமானம் திரும்பியது. இறங்கியவர்கள் திருமதி ஸ்டீகலும், பின்னங்காலில் கட்டும் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்புமாக அவருடைய வேட்டை நாயும். கெட்டர்மனில் பெரிய கால்நடை மருத்துவமனை ஒன்று உண்டு என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கணவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "நாய்க்கு வைத்தியம் பாக்கப் போன பிளேன்ல நீ ஒரு கோச்சை ஏத்திவிட்டுட்டியேடி!"

6. உடனே வானொலியை அழைத்து உண்மையைச் சொன்னேன். பீப்பிள்ஸ் சிரித்தார். "அக்கா, வாய மூடுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்களாக்கும்? நாய்க் கதையெல்லாம் நம்மகிட்டயா?" என்றார். அன்று மாலை லாண்ட்ரம், தாம் கெட்டர்மனை விட்டு நகரப்போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வரமாட்டேன் என்று சொல்பவர்தான் வருவார் என்பது நம் ஊர்க் கணக்கு. ஆகவே அதற்குப்பின் சட்டை இன்னும் கூடுதலாக விற்றதாகக் கேள்வி.

7. திரு. டார்ப்லியை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். தலைக்கவசங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "விடுங்கம்மா. நாய் போச்சோ ஆள் போச்சோ, நான் நம்பிட்டேன் பாருங்க. நமக்கு இங்க அவ்வளவுதான் மதிப்புன்னு எனக்கே தோணியிருக்கு" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுதிக் கொடுத்ததைத் தாமாகப் போய்த் திரும்பக் கேட்கமாட்டாராம். பத்தொன்பது ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

8. இருநூறு மைல் தள்ளியுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளி அவரை அழைத்திருக்கிறது. நாளை, வெள்ளி நண்பகலுக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். இன்று காலை அவர் மனைவி லோரீன் பலசரக்குக் கடையில், வீட்டுச் சாமான் கட்ட, காலி வாழைப்பழப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றியதைப் பார்த்தேன். அவர் எனக்கு வணக்கம் சொன்னார். நான் நேராக வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

9. வாடிக்கையாளரின் பயணத்தை வெளியே சொன்னது என் பணிக்கு ஒவ்வாத செயல். அதற்குரிய தண்டனையை விமானத்தள மேலாளர் தந்துவிட்டார். தம் நாயின் சிகிச்சை பற்றித் திருமதி ஸ்டீகல் மனமுவந்து எழுதித் தந்த குறிப்பை இத்துடன் இணைத்துள்ளேன்.

10. ஆகவே, நாளை நண்பகலுக்கு முன் தாங்களே அவரைத் தொலைபேசியில் அழைத்து, அக்கடிதத்தைத் திருப்பித் தந்து, மற்றவர்களோடு அவர் பெயரையும் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவர் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். அவரைத்தான் நியமிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றால், அந்த ஒரு கஜத்துக்காக வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நாயின் காலுக்காக ஒருவர் ஊரைவிட்டுப் போகக்கூடாது.

11. ஒருவேளை நியமித்தால், முதல் தோல்வியன்றே அவரை நீக்கச் சொல்லி வானொலியை அழைப்பேன் என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன். அதற்கு அவர் இங்கே இருக்க வேண்டும், ஐயா.

தங்கள் விரைவான நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
வெல்டா ஹாட்ஜ்

இடம்: லார்க்கின்வில்
நாள்: டிசம்பர் 11, வியாழன்

இணைப்பு: திருமதி ஸ்டீகலின் குறிப்பு – ஒரு பக்கம்.