களிமண் தபால்காரன் வசம்

ரிஷிகள் படியில் ஓசியில் இடம் பிடித்துக்கொண்ட என் அருமை அத்திம்பேருக்கு,

நமஸ்காரம். நீங்கள் போனபின் வந்த முதல் நவராத்திரி நேற்றோடு முடிந்தது. ஆனி மாதத்துக் காய்ச்சல் உங்களை இத்தனை அவசரமாகக் கூட்டிக்கொண்டு போகும் என்று தெரிந்திருந்தால், வாசலிலேயே நிறுத்தி நான் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். நான் பேச ஆரம்பித்தால் காய்ச்சல் என்ன, காலராவே கும்பிடு போட்டுவிட்டு ஹௌராவில் ரயில் ஏறிவிடும் என்று பவானிபூரில் பிரசித்தம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டீர்களே?

இதைப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும். உங்களைப் பற்றி இந்த ஊரில் இதுவரை ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. அந்தக் குறையை மைத்துனன் தீர்க்காமல் யார் தீர்ப்பது? என் குற்றச்சாட்டு இதுதான்: நான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அது உங்கள் தப்பு. இன்னும் படுகிறேன், அதுவும் உங்கள் தப்பு.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஆதியிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு வேறு என்ன வேலை?

கல்கத்தாவில் நம் ஜனங்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை பேருக்கும் நவராத்திரி என்றால் என் வீட்டுக் கொலு. இமயத்துக்கும் சேதுவுக்கும் நடுவில் அதற்கு நிகர் கிடையாது. இமயத்துக்கு வடக்கே விசாரிக்கவில்லை. நடுப்படியில் என் செட்டியார் பொம்மை, கடை பரப்பிக்கொண்டு, அரிசி பருப்பு சகிதம். கும்பகோணத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அவர் தொந்தியை இந்தப் பக்கம் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போவதற்குள் கையிலிருக்கும் சுண்டல் ஆறிவிடும். இப்படிச் சக்கரவர்த்தியாக வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் உங்களுக்கு அந்தத் தொகை வந்தது.

நீங்கள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு வாத்தியார். மேலிடத்தில் யாருக்கோ திடீரென்று நல்ல புத்தி வந்து, தன் வகுப்பை நன்றாக்க எந்த வாத்தியார் ஒரு யோசனை எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்கு ஒரு சிறு நன்கொடை என்று அறிவித்தார்கள். எவ்வளவு சிறியது? ஒரு நல்ல குடை வாங்கலாம். குடைக்குப் பிடியும் வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு நீங்கள் வீட்டுக்கு வந்த அழகைப் பார்க்க வேண்டுமே! மைசூர் மகாராஜா ராஜ்யத்தை எழுதிக் கொடுத்த மாதிரி.

அன்று ராத்திரி எனக்குச் சாதம் இறங்கவில்லை. உங்கள் சம்பளத்தைப்போல் எத்தனையோ மடங்கு நான் கம்பெனியில் வாங்குகிறேன். ஆனால் அது செய்து முடித்த வேலைக்கு. உங்களுக்குக் கொடுத்தது இன்னும் செய்யாத வேலைக்கு. 'உன்னை நம்புகிறோம், உன் வகுப்பு, உன் இஷ்டம்' என்று. எந்தத் துரையாவது என்னிடம் வந்து, 'கிட்டு, இந்தா, உன் மேஜையை உனக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்' என்று ஒரு காலணா நீட்டியதுண்டா? மேஜைக்கே ஒரு கால் ஆட்டம். அதற்கே முட்டுக்கொடுக்கவில்லை.

தேசப்படம் வாங்குவீர்கள் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். தேசப்படத்தைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள்? நீங்களோ மரப்படி செய்யச் சொன்னீர்கள்.

"கிட்டு, கொலு என்றால் என்ன? அடியில் செடிகொடி, மேலே பிராணிகள், அதற்கு மேலே மனுஷாள், அப்புறம் ரிஷிகள், உச்சியில் தெய்வம். உலகத்தையே படிபடியாக அடுக்கி வைத்திருக்கிறோம். இதைவிட நல்ல பாடப்புத்தகம் ஏதுடா?"

"அது என் வீட்டில் இருக்கிறதே!" என்றேன்.

"உன் வீட்டில் தொடக்கூடாது. என் வகுப்பில் தொடலாம்" என்றீர்கள்.

குமார்துலியில் பூஜைக்கு அம்மன் செய்கிறவர்களிடம் போய், சுடாத பச்சைக் களிமண்ணில் சின்னச் சின்ன உருவங்கள் செய்து வாங்கினீர்கள். மீன்காரன், பல்லக்குத் தூக்கி, தோல்பை மாட்டிய தபால்காரன், நடுவில் ஒரு குட்டி துர்க்கை. பையன்களே வர்ணம் பூசினார்கள். யானை பச்சை நிறத்தில் இருந்தது. அதைப் பார்க்கவும் கூட்டம்!

அந்த நவராத்திரியில் என் வீட்டில் சுண்டல் மிஞ்சியது. இப்படியொரு அவமானம் எங்கள் பரம்பரையில் கிடையாது. உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த என் சகதர்மிணி சொல்கிறாள்: "ஏன்னா, அந்தத் தபால்காரனைப் பார்த்தேளா? இப்பவே கடுதாசி எடுத்து நீட்டிடுவான் போல இருக்கு. நம்ம செட்டியார் சும்மா உட்கார்ந்துண்டுதானே இருக்கார்."

சும்மா உட்கார்ந்துகொண்டு! செட்டியாரை!

அப்புறம் விஜயதசமி வந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அன்று சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துத் தூங்கப்பண்ணிவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் துணி சுற்றிப் பெட்டியில் வைப்போம். அதற்காக நீங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டுகிற நேரம், உங்கள் பையன்கள் ஒரு பட்டாளமாக வந்து நின்றார்கள். எல்லோரும் தலைமுதல் கால்வரை ஈரம். வரிசையாக உங்கள் காலில் விழுந்தார்கள்.

"மாஷ்டர்மொஷாய், கவலையே படாதீங்க. எல்லாத்தையும் கங்கையிலே விட்டாச்சு" என்றான் ஹாரு. வகுப்பிலேயே வாய் பெரியவன்.

"எல்லாத்தையும்னா?"

"அம்மன், ரிஷி, யானை, மீன்காரன், தபால்காரன், எல்லாம். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். காளிகாட் துறை வரைக்கும் மேளம் அடிச்சுண்டு போனோம். மரப்படியையும்தான் தள்ளினோம். அது மிதந்துது. அதனாலே திரும்பக் கொண்டுவந்து வெச்சுட்டோம்."

அவர்கள் மேல் என்ன தப்பு? இந்த ஊரில் அழைத்த அம்மனைப் பத்தாம் நாள் ஆற்றில் கரைத்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்பாவிட்டால் பெரிய அபசகுனம். மாஷ்டர்மொஷாய் மதராஸ்காரர், பாவம், தெரியாமல் அம்மனை அப்படியே வைத்திருக்கிறார் என்று குழந்தைகள் நமக்கு உபகாரம் செய்திருக்கிறார்கள். கரைத்துவிட்டுப் பெரியவர்களை நமஸ்கரித்துத் தித்திப்பு வாங்கிக்கொள்வதும் இங்கே வழக்கம். அதற்குத்தான் கை நீட்டி நின்றார்கள்.

உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் ஒருவனையும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு தலையிலும் கை வைத்தீர்கள். அக்கா சந்தேஷ் தட்டை நீட்டினாள். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"இன்ஸ்பெக்டர் வந்தால் எதைக் காட்டுவேன், கிட்டு?"

விஷயம் விளையாட்டில்லை. நன்கொடையில் வாங்கியதை வகுப்பில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஏப்பம் விட்டதாக அர்த்தம். வாத்தியார் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று தலைமையாசிரியர் முன்னமே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வேலை போனால் இந்த அசலூரில் அக்காவும் நீங்களும் என்ன செய்வீர்கள்?

எனக்குள் ஒரு குட்டிச்சாத்தான் மட்டும், போட்டி ஒழிந்தது என்று டோலக் வாசித்துக்கொண்டிருந்தது. அக்கா அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டாள் என்றே நினைக்கிறேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டா, உன் செட்டியார் சும்மாத்தானே உட்கார்ந்திருக்கார்?"

இந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தை எங்கே போய்க் கற்றுக்கொள்கிறார்கள்?

என் பொம்மைகள் கூடைகளில் ஏறிக் கூலிக்காரர்கள் தலையில் போயின. செட்டியாரை மட்டும் டிராமில் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் அவருக்கும் டிக்கெட் கேட்டான். காளிகாட் வரைக்கும் அவனோடு வாதாடி, காசு தராமல் ஜயித்து இறங்கினேன். அந்த வாதத்தைக் கேட்டிருந்தால் ஹைகோர்ட்டு ஜட்ஜுகள் எழுந்து நின்றிருப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான வங்காளி பாபு. தும்பைப் பூப்போல வேஷ்டி, தும்மலுக்குக்கூட அசையாத முகம். படிகளைப் பார்த்து, "நன்கொடையில் வாங்கியவையா இவை?" என்றார்.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் தலையைத் தலையை ஆட்டினேன். நீங்கள் கேட்டால்தானே? "இல்லை ஐயா. இவை என் மைத்துனருடையவை. நான் வாங்கியவை கங்கையில் இருக்கின்றன" என்றீர்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். நானும்.

"அம்மனைக் கரைத்தது சரி" என்றார் இன்ஸ்பெக்டர், பையன்களைப் பார்த்து. "மீன்காரனும் தபால்காரனும் என்ன பாவம் செய்தார்கள்?"

ஹாரு எழுந்தான். "அம்மா தனியாவா போவாள் ஐயா? வழியிலே சாப்பிட மீன் வேணும். பல்லக்குத் தூக்க ஆள் வேணும்."

"தபால்காரன்?"

"அவன் இல்லேன்னா, போய்ச் சேர்ந்தேன்னு பிறந்த வீட்டுக்கு யார் கடுதாசி கொண்டுவருவா?"

தும்மலுக்கு அசையாத முகம் அசைந்தது. அப்புறம் பையன்கள் விடவில்லை. கொல்லன் என்ன செய்வான், அவனுக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது, யானைக்கு ஏன் ரிஷிகளுக்குக் கீழே இடம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், பொம்மைப் பக்கம் திரும்பாமலே. இன்ஸ்பெக்டர் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டார். போகும்போது தலைமையாசிரியரிடம், "இவருக்கு அடுத்த வருஷமும் உண்டு" என்றார்.

ஜன்னலில் நின்றவனை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பொம்மைகளும் திரும்பி வரவில்லை. பையன்கள் செட்டியாரைக் கணக்குப் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் மனக்கணக்குப் போட்டே இளைத்துவிட்டார்.

இனி நடப்புச் செய்தி. உங்கள் இடத்துக்கு நிமாய் பாபு என்று ஒருவர் வந்திருக்கிறார். இந்த வருஷ நன்கொடையில் கண்ணாடித் தொட்டி வாங்கி மீன் வளர்க்கிறார். வங்காளத்து வகுப்பறையில் ஒரு மீன் பாடம் முடியும்வரை உயிரோடு இருப்பது உலக அதிசயம்தான். நல்ல மனுஷர். உங்கள் படிகளை எடுக்கவில்லை. அக்கா சுகமாக இருக்கிறாள், அதாவது அப்படிச் சொல்கிறாள். இந்த வருஷம் உங்கள் வீட்டில் கொலு இல்லை. என் வீட்டிலும் வைக்கவில்லை. துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பொம்மைகள் அத்தனையும் உங்கள் வகுப்பில் இருந்தால் நான் எதை வைப்பது?

நேற்று விஜயதசமி. பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது மேல் வகுப்புக்குப் போய்விட்ட ஹாருவும் அங்கே இருந்தான். ரிஷிகள் படியைப் பார்த்தேன். வியாசருக்குப் பக்கத்தில் ஒரு புது ஆள். ஆற்று மண்ணில் பையன்களே பிடித்தது. கக்கத்தில் குடை, கம்பியில் மூக்குக்கண்ணாடி, யாரையோ கேள்வி கேட்கிற மாதிரி பாதி திறந்த வாய். மூக்கு உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

மனுஷாள் படியில் வைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ரிஷிகள் படி! வயிறு எரிந்தது. ஹூக்ளியை முழுசாகக் கவிழ்த்தாலும் அணையாது.

"ஏண்டா, பொம்மையெல்லாம் என்னுடையது. என்னை ஏன் செய்யவில்லை?"

"மாமாபாபு, நீங்கதான் இன்னும் இருக்கீங்களே!" என்றான் ஹாரு.

இப்படி ஒரு தகுதி வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாமாபாபு, மாஷ்டர்மொஷாயைக் கங்கையிலே விடலாமா? விட்டாத்தானே அடுத்த வருஷம் திரும்பி வருவார்?" வாசலில் மேளம் தயாராக நின்றது. எல்லாப் பையன்களும் என் வாயைப் பார்த்தார்கள்.

என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். காலராவைத் துரத்தும் வாய். அது திறக்கவில்லை, அத்திம்பேரே. ஆனி மாதத்தில் அதே காளிகாட் துறையில் உங்களைக் கங்கையில் விட்டுவிட்டு ஈரவேஷ்டியோடு படியேறியது ஞாபகம் வந்தது. நீங்கள் திரும்பி வரவில்லையே.

"வேண்டாம்டா. இவர் எங்க ஊர்க்காரர். எங்க வழக்கப்படி படுக்கவைப்போம்" என்றேன்.

வருஷா வருஷம் செட்டியாருக்குத்தான் அந்த மரியாதை. நேற்று உங்களைப் படுக்கவைத்தார்கள். குடையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான் ஒருவன். பள்ளி அலமாரியில் எலித் தொல்லை என்பதால், இன்று காலை என் அங்கவஸ்திரத்தில் சுற்றி உங்களை நானே வீட்டுக்கு எடுத்துவந்தேன். டிராமில், மடியில். கண்டக்டர் உங்களுக்கு டிக்கெட் கேட்கவில்லை. நானாகவே இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

அடுத்த நவராத்திரிக்கு உங்களை எழுப்பி, இதே டிராமில் கொண்டுபோய், ரிஷிகள் படியிலேயே வைப்பேன். ஒரு படிகூட இறக்கமாட்டேன். இது சத்தியம். வியாசர் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும்.

அந்தத் தபால்காரன் அங்கேதான் எங்கேயாவது இருப்பான். தோல்பையில் நீல வர்ணம், ஹாரு பூசியது. இதை அவன் வசம் அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததென்று ஒரு வரி கொடுத்து அனுப்புங்கள். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற ஒரே காரணத்தால் பொம்மையாக முடியாத,
உங்கள் மைத்துனன் கிட்டு
(உங்கள் பையன்களுக்கு மாமாபாபு)