பவளக்காலிக்கு ஒரு டச்சிங்

ஜனவரி 9

முதலாளியம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஸ்டூடியோவில் கத்துவதற்கு ஆளில்லாததால் கூடுதல் நலமாகவே இருப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஏரிக்கரையில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். கட்டில், மேசை, ஜன்னல், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்தால் சேற்று வாடை. கிழக்கு வெளுக்கும் முன்பே போய்ச் சேற்றில் குப்புறப் படுத்துக்கொள்கிறேன். சிரிக்காதே. நின்றுகொண்டு எடுத்தால் பறவையின் முதுகுதான் விழும். முகம் வேண்டுமானால் கண்ணின் உயரத்துக்கு லென்ஸ் இறங்க வேண்டும். கைக்குழந்தைகளை எடுக்கும்போது நாம் தரையில் உருளுவோமே, அதேதான்.

இத்துடன் மெமரி கார்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு படம். பறவையின் பெயர் பவளக்காலி. உடம்பு வெள்ளை, இறக்கை கறுப்பு, கால் மட்டும் இளஞ்சிவப்பில் நீளமோ நீளம். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளை வெந்துபோய் ஓர் இறகும் தெரியாது. அன்றைக்கு மேகம் மெல்லிசாக மூடியிருந்தது. நிழலே விழாத வெளிச்சம். அலகுக்கு முன்னால் நிறைய இடம் விட்டிருக்கிறேன், அது பார்க்கிற பக்கம் காலியாக இருக்க வேண்டாமா? தண்ணீரில் விழுந்த பிம்பத்தையும் வெட்டவில்லை. இங்கே கம்ப்யூட்டர் கிடையாது. வழக்கம்போல் டச்சிங்கில் சுத்தம் செய்து பெரிய பிரிண்ட்டாகப் போட்டு அனுப்பு.

படம் எப்படி என்று உண்மையைச் சொல்.

உன் போட்டோக்காரன்


ஜனவரி 17

போட்டோக்காரருக்கு,

உண்மையைச் சொல்கிறேன். படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். போதுமா?

அதற்குக் கண் சிவப்பாக இருந்தது. பிளாஷ் போட்டுத் தொலைத்துவிட்டீர்கள் என்று நினைத்து, கல்யாணப் படத்தில் செய்வதுபோல் கறுப்பாக்கப் போனேன். நல்லவேளை, சந்தேகம் வந்து தேடிப் பார்த்தேன். அதன் கண்ணே அப்படித்தானாம். அதிலிருந்து எனக்கு ஒரே கேள்வியாக வருகிறது. முட்டி ஏன் பின்பக்கமாக மடங்குகிறது? இவ்வளவு நீளக் காலை வைத்துக்கொண்டு எப்படி உட்காரும்? கலங்கல் தண்ணீரில் இரை இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? உங்களைப் பார்த்துப் பயப்படாதா? நானே பயந்திருக்கிறேன்.

வலது காலில் வெள்ளையாக ஏதோ அழுக்கு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன். டச்சிங் முடிந்தபின் அசலை வைத்திருக்கக் கூடாது, ஒப்பிட்டுப் பார்த்தால் ஆளுக்கு மனசு சங்கடப்படும் என்று அப்பா வைத்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதனால் கார்டையும் அழித்துப் பிரிண்ட்டோடு அனுப்பியிருக்கிறேன்.

இன்னமும் முதலாளியம்மா என்றே எழுதுகிறீர்கள். படம் எடுக்கும்போது மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டிவிட்டார் என்று நீங்கள் ஸ்டூடியோவில் கூட்டத்தின் நடுவே கத்தினீர்கள். "இது எங்கப்பா ஸ்டூடியோ, இங்க கத்தாதீங்க" என்று நான் சொன்னேன். அந்த ஒரு வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

வேறு ஒரு போட்டோக்காரர் வேலை கேட்டு வந்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வருவீர்கள் என்றால் அவரை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வர மாட்டீர்கள் என்றால் அதையாவது சொல்லுங்கள். எப்போது வருவீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கடை நடத்த என்னால் முடியவில்லை.

இன்னமும் உங்கள் மனைவி


ஜனவரி 24

முதலாளியம்மா,

அது அழுக்கு இல்லை. வளையம்.

இங்கே ஒரு பறவை ஆய்வாளரம்மா இருக்கிறார். பறவைகளின் காலில் எண் போட்ட வளையம் மாட்டி, எது எங்கே போகிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. இந்த ஏரியில் வளையத்தோடு ஒரு பவளக்காலி திரிகிறது, எண்ணைத்தான் வாசிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் படமே இருக்கிறது, பிரிண்ட் வருகிறது என்று நான் மார்தட்டினேன். உன் கவரை அவர் எதிரிலேயே பிரித்தேன். இரண்டு காலும் பளபளவென்று இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

சுத்தம் செய் என்று எழுதியது நான்தான். அதை நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உன் கைக்கு மச்சம், தழும்பு, வளையம் எல்லாம் ஒன்றுதானா? கேட்காமல் துடைப்பாயா?

நீ கேட்டதற்குப் பதில். மடங்குவது முட்டி இல்லை, கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. மற்றக் கேள்விகளுக்குப் பதில் எழுத இன்றைக்கு மனசில்லை.

அந்த ஆளையே வைத்துக்கொள்.

போட்டோக்காரன்


பிப்ரவரி 6

அன்புள்ள உங்களுக்கு,

போன திங்கட்கிழமை ஸ்டூடியோ விடுமுறை. முதல் பஸ்ஸைப் பிடித்து ஏரிக்கு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அழித்தது நான், அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

ஆய்வாளரம்மா கரையில் தொலைநோக்கியோடு நின்றார். நான் யார் என்று சொன்னேன். "காலைத் துடைச்சது நீங்கதானா?" என்று கேட்டுச் சிரித்தார். என் கண்ணுக்குப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தேடிப் பழக்கம், அதனால் என்னையே தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னார். பவளக்காலி சேற்றில் திரும்பித் திரும்பி நடந்தது. வளையத்தின் மேல் சேறு. அது தண்ணீருக்குள் இறங்கி ஏறியதும் எண் தெளிவாகத் தெரிந்தது. வாசித்துச் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அது குஞ்சாக இருந்தபோது அவரே மாட்டிய வளையமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் தொலைநோக்கியைச் சேற்றில் குப்புறக் கிடந்த உங்கள் பக்கம் திருப்பினேன். தாடி, சேறு, தலையில் ஒரு பழைய துண்டு. பவளக்காலி உங்கள் பக்கமே வந்தது. நீங்கள் அசையவில்லை. என்னோடு பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை, ஒரு பறவைக்காக இப்படிக் கிடக்கிறாரே என்று அழுகையாக வந்தது. கோபமும் வந்தது. திடீரென்று அது பறந்துவிட்டது. சேற்றை அடித்துத் திட்டப் போகிறீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் தலையைக் கைமேல் சாய்த்துக்கொண்டு அப்படியே கிடந்தீர்கள். அவ்வளவு அமைதியான முகத்தை நம் வீட்டில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

புது ஆளுக்கு வேலை கொடுத்துவிட்டேன். நீங்கள் எழுதிய கோபத்துக்குப் பதிலாக அல்ல. நீங்கள் வந்தால் மறுபடியும் கத்துவீர்கள், மறுபடியும் நான் ஏதாவது சொல்வேன். ஸ்டூடியோ என் வேலை, அதை நான் விட மாட்டேன். ஏரியை நீங்களும் விட வேண்டாம். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுவிடுகிறோமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நான் இல்லாததால்தான் அந்த அமைதி என்றால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். திங்கட்கிழமைகளில் வரலாம் என்றாலும் சொல்லுங்கள். சும்மா என் மனசுக்காக எழுத வேண்டாம்.

உங்கள் மனைவி


பிப்ரவரி 10

என் அன்பு மனைவிக்கு,

ஆய்வாளரம்மா என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் நீ வந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். பவளக்காலி சும்மா பறக்கவில்லை. பனியில் நீ அடுக்கடுக்காகத் தும்மினாய். அந்தத் தும்மலோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு அடையாளம் தெரியாதா?

நீ பார்த்தது அமைதி இல்லை. பயம். இங்கே நான் படித்த பாடம் ஒன்றுதான். பறவை தானாகக் கிட்டே வரும்போது தலையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போய்விடும். நீயும் போய்விடுவாய் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நீ இறங்கி வருவாய், வருவாய் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் கரையில் யாரும் இல்லை. பறவையிடம் நடந்துகொள்வதுபோல் பெண்டாட்டியிடம் நடந்துகொண்டேனே என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வா. எவ்வளவு வேண்டுமானாலும் தும்மு. பறவை போனால் போகட்டும், நான் எழுந்து வருகிறேன்.

உன்னுடைய
நான்