மருத வேரடிச் சிலந்தி

இன்று காலை வயல் வரம்பெல்லாம் பனி நனைத்த சிலந்தி வலைகள். பார்த்ததும் சேற்றில் குந்திவிட்டேன், தங்கச்சி.

சிலந்திகளை ஆராய்ந்து திரிந்த நீ, நெடுங்கேணி ஓடைக்கரையில், மருத மர வேருக்குள் உன் உள்ளங்கையளவு வலையொன்றைக் காட்டினாயே. துணி விரித்ததுபோல் மெல்லிய பரப்பு. அதன் அடியில் நெல்மணியிலும் சிறிய சிலந்தி தலைகீழாகத் தொங்கியது. மேலே குறுக்கும் நெடுக்குமாய் ஓடிய நூல்களில் தடக்கிய கொசு பரப்பில் விழ, அது கீழிருந்தே கடித்து உள்ளே இழுத்தது.

"இதை இன்னும் ஒருத்தரும் பதியேல்லைப் போலக் கிடக்கு. பெண்தான் அம்பிட்டிருக்கு. ஆண் ஒண்டு கிடைச்சால்தான் அக்கா, என்ன இனமெண்டு அடிச்சுச் சொல்லலாம்" என்றாய்.

ஆணைத் தேடி மழை வெள்ளத்துக்குள் நாள் முழுக்க நின்றாய். பிறகு காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்றார்கள். கண் மஞ்சளித்தது, சலம் போவது நின்றது. வவுனியா ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தாய்.

"மழை விட்டால் ஆண்கள் பெண்ணைத் தேடி வெளிக்கிடும். ஒருக்கால் போய்ப் பாரன் அக்கா."

"நீ எழும்பு. ரெண்டுபேருமாப் போவம்."

நீ எழும்பவில்லை.

செத்தவீடு முடிந்ததும் போனேன். தினமும் விடியற்காலையில் போனேன். பெண்கள் இருந்தன; ஆண் இல்லை. ஒருநாள் போனபோது கரையே இல்லை. தோட்டத்துக்கென்று டோசர் வழித்துக்கொண்டிருந்தது. மருது வேரோடு புரண்டு கிடந்தது. கத்திக்கொண்டு முன்னால் ஓடினேன். சாரதி இயந்திரத்தை நிறுத்தி இறங்கினான்.

"என்னத்தைத் துலைச்சனீங்கள் அக்கா?"

"சிலந்தி" என்றேன். "என்ரை தங்கச்சியின்ரை சிலந்தி."

அவன் சிரிக்கவில்லை. என்னோடு குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தான். பிறகு, "எனக்கும் வேலை அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஏறினான். நான் விலகி நின்றேன். வேறென்ன செய்ய?

இன்றைய வலைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் வேறு சாதி, கால் நீண்டவை. நீ என்றால் நின்றபடியே சொல்லியிருப்பாய்.

"பிள்ளை, அவள் போயிட்டாள். வா வீட்டை" என்று அம்மா வரம்பில் நின்று அழுகிறா. போய்விட்டாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தச் சிலந்தியை உயிரோடு பார்த்தவர்கள் நாமிருவர்தான். இப்போது நான் மட்டும். நானும் வீட்டுக்குள் போய்விட்டால், அது இருந்ததென்று சொல்ல ஆர் இருக்கிறார்கள்?

ஓடையின் அக்கரையில் இன்னும் நாலைந்து மருதுகள் நிற்கின்றன. தண்ணீர் வற்றட்டும், கடந்து போய்ப் பார்க்கிறேன்.