ஃப்ரீசரில் வைத்த மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஐந்து நாளாக நீங்கள் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் கேட்டால், அவரு சுவத்தப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு மாதம் நாயாய் அலைந்து வாங்கி, நேரில் கொண்டுவந்து கொடுத்த மருந்து. அம்மாவின் இதயம் புற்றுநோய்க்குப் போடும் சாதாரண ஊசியைத் தாங்காது என்று டாக்டர் கைவிரித்த பிறகு கிடைத்த ஒரே வழி. அதைப் போய், ஐஸ் தட்டையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, துண்டில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறீர்கள். கேட்டால், நீதானே குளிர்ல வைக்கச் சொன்னே என்கிறீர்கள்.

ஆய்வகத்தில் நான் நாள் முழுக்கச் செய்வதே இந்த லிப்போசோம்களைத்தான். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகள். உள்ளே மருந்தை அடைத்து அனுப்பினால், இதயத்தில் அதிகம் சிந்தாமல் கட்டி இருக்கும் இடத்தில் போய் இறங்கும். உறைந்தால் குமிழி உடைந்து மருந்து கசிந்துவிடும். பதினோரு வருடமாக இதே வேலை. ஆனாலும் 'குளிரில் வைக்கவும்' என்று பெரிதாக எழுதி, உறைய விடக்கூடாது என்று பெட்டியில் அச்சடித்திருந்த வரியின் மேலேயே ஒட்டியவள் நான்தான். உங்களுக்குப் பொடி எழுத்து தெரியாதே என்று உதவி செய்தேனாம்.

அன்று போனில் கத்தியபோது இதைச் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. போன வருடம் இங்கே ஆய்வகத்தில் ஒரு தொகுதி மருந்து முழுவதையும் ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்து நானே உறையவிட்டேன். பதிவேட்டில், கலங்கிவிட்டது, காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடிவிட்டேன். இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நீங்களோ, ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்சிடம், இது ஃப்ரீசர்ல இருந்தது, காலையிலதான் உருகிச்சு, பரவாயில்லையா என்று நீங்களாகவே கேட்டிருக்கிறீர்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால், கசிந்த மருந்து நேராக அம்மாவின் இதயத்தைப் பதம் பார்த்திருக்கும். அந்த மனிதரைத்தான் நான் அறிவிருக்கா என்று கேட்டேன்.

புது மருந்து வியாழக்கிழமை வந்துசேரும். பெட்டியில் நான் எதையும் ஒட்டவில்லை. இனிமே அதைக் கையால தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம். அவரு கொண்டுவந்தாத்தான் ஊசி போட்டுக்குவேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். உங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? நாள் தள்ளிப்போனால் கட்டி காத்துக்கொண்டிருக்காது அப்பா.

ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், பின்சுவரில் படாமல். நீங்களே எடுத்துப்போங்கள். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்து அந்த வரியைத் திருத்தப் போகிறேன். அதற்கு முன் ஒருமுறை போனை எடுத்து என்னைத் திட்டிவிடுங்கள்.

உங்கள் கோபக்கார மகள்