அப்பா இடித்த கார்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைக் கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் நலம்தான், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். போனில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் சளி என்று மழுப்பினேன். சளியெல்லாம் இல்லை. நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னத்தைப் பேசுவது. அதனால்தான் அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து விட்டு விட்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். சாமான் வாங்க அந்தப் பெரிய கடைக்குப் போயிருந்தோம். பைகளை டிக்கியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன், பெல்ட்டைக்கூட மாட்டவில்லை, அதற்குள் அப்பா ரிவர்ஸ் எடுத்துவிட்டார். பின்னால் பார்க்கவில்லை வாலு. கண்ணாடியைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பவில்லை, எதிரே இருந்த கடைச்சுவரையே பார்த்துக்கொண்டு வண்டியைப் பின்னால் விட்டார். டொம்மென்று ஒரு சத்தம். டிரைவிங் ஸ்கூலில் கழுத்தைத் திருப்பாமல் ரிவர்ஸ் எடுத்த பிள்ளைகளை வண்டியை விட்டு இறக்கி, நடந்தே வீட்டுக்குப் போ என்று விரட்டிய மனுஷன் இவர். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இறங்கிப் பார்த்தால், எங்களுக்குப் பின்னால் மதிலோரம் நீளவாக்கில் நிறுத்தியிருந்த வெள்ளைக் காரின் பின்கதவு நசுங்கி உள்ளே போயிருந்தது. நாலடி தள்ளி ஒரு பெண் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள். அந்தக் கதவைத் திறந்துதான் குழந்தையைத் தூக்கியிருக்கிறாள், மூடிவிட்டுத் திரும்புவதற்குள் இது நடந்துவிட்டது. கத்தப்போகிறாள், கத்தட்டும் என்று நின்றேன். அவளோ அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், நீங்களா?" என்றாள். அப்பாவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவளாம், இப்போது ஏதோ வங்கியில் இருக்கிறாள். அப்பா அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்து, "வண்டிய இப்படியா நிறுத்துவாங்க? இதுதான் நான் சொல்லிக்கொடுத்ததா?" என்று கேட்டாரே பார்க்கலாம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள், "சாரி மாஸ்டர், நான்தான் தள்ளி நிறுத்தியிருக்கணும்" என்றாள். இவர் பெரிய மனது பண்ணி அவளை மன்னித்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தார். சிரிக்கிறாயா? சிரித்துக்கொள், எனக்கும் அந்த நிமிஷம் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவள் என்னைத் தனியே இழுத்துத் தன் போன் நம்பரை என் கையில் திணித்தாள். "கதவ நான் பார்த்துக்கறேம்மா, இன்ஷூரன்ஸ் அது இதுன்னு போனா மாஸ்டர் பேரு கெட்டுடும். ஆனா பாப்பா இப்பதான் அந்த எடத்துல இருந்தா. அவர இனிமே ஓட்ட விடாதீங்க" என்றாள். வீடு வந்து சேரும் வரை அப்பா சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். நான் கதவுப் பிடியை விடவே இல்லை.

அவள் நல்லவள்தான், அவள் நல்ல மனசுதான் எனக்கு எமனாகிவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது இவருக்கு உறைத்திருக்கும். நான் எப்படிச் சொல்வது, ஓட்டாதீர்கள் என்று? ஆகவே இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தம்பியைக் கூப்பிட்டேன். அவர், "அந்தப் பொண்ணே வேணாங்கறப்ப நீங்க ஏம்மா வலியப் போய் மாட்டிக்கறீங்க? கிளெய்ம் போட்டா இத்தனை வருஷமா வந்த சலுகை போயிடும், அடுத்த தடவை சாரோட வயசப் பார்த்து ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றார். கேட்கட்டும் என்றுதான் நான் போட்டேன் வாலு. பெண்டாட்டி சொன்னால் கேட்காதவர் ஒரு அதிகாரி சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். நம் வண்டியின் பம்பரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்கு ஒரே உற்சாகம், சட்டை மாற்றிக்கொண்டு வந்து ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார். யார் சார் ஓட்டினது என்று அவர் கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டி, "இவதான். சொல்லச் சொல்லக் கேக்காம ரிவர்ஸ் எடுத்தா" என்றார். பொய் சொல்லவில்லை அவர். பொய் சொல்லும்போது அவர் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா. நேராக என்னைப் பார்த்தார், பயந்துபோன மாணவியைப் பார்ப்பது மாதிரி இரக்கமாக. ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் எனக்கு ஸ்டீயரிங்கைத் தொடக்கூடச் சொல்லித்தரவில்லை, நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு என்பார். சர்வேயர் என் லைசென்ஸைக் கேட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது, அவர்தான் ஓட்டினார் என்று சொல்லிவிட்டேன். அப்பா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. "ஏன் பொய் சொல்றே?" என்று மெல்லக் கேட்டார், அவ்வளவுதான். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

சர்வேயர் பின்னாலேயே வாசல் வரை ஓடினேன், இவர் இனிமேல் ஓட்டக்கூடாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள் ஐயா என்று. "நாங்க வண்டியத்தாம்மா பார்ப்போம், ஆளப் பத்தி எழுதறது எங்க வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் காருக்குக் கதவு புதிதாக வந்துவிட்டது, கிளெய்மும் முடிந்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் முடியவில்லை. பிரஷர் பார்க்கலாம் என்று பொய் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூளையைப் படம் எடுத்தார்கள், நீ பயப்படுவாய் என்று நான் எழுதத் தயங்கும் அந்த வார்த்தையைத்தான் டாக்டரும் சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார், ஆனால் போன ஞாபகம் திரும்பி வராதாம், மிச்சம் இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமாம். வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை ஒளித்துவைத்துவிட்டேன். ஒளித்தது நான் என்று அவருக்குத் தெரியவில்லை, தானே தொலைத்துவிட்டதாக நினைத்து அலமாரி, தலையணை உறை, செருப்புக்குள்ளே எல்லாம் தேடுகிறார். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, தொலைச்சுட்டேன், கோச்சுக்காதே என்றார். என் கையால் எடுத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கொடுக்கவில்லை.

உடனே ஓடி வா என்று நான் சொல்லவில்லை, வந்து நீயும் என்ன செய்யப்போகிறாய். வராதே என்று எழுதவும் கை வரவில்லை. உன் பெயர் அவருக்கு இன்னும் தடுமாறாமல் வருகிறது, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் நிதானமாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கடைசி வரை ஒருவரை ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டு வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் இனிமேல் அது ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா கார் பேச்சை எடுப்பார், வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் எடுக்கிறார். தர்க்கம் பண்ணாதே, அழுதுவிடாதே. ஆமாம்பா, அம்மாதான் இடித்தாள் என்று சொல்லிவிடு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா