பன்னிரண்டாம் வெள்ளிக்கிழமை

எங்கள் மாடிப்படிக் கைப்பிடிக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். டர்பென்டைன் வாடை கதவிடுக்கில் நுழைந்ததும், குக்கரை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேல்வீட்டில் நீங்கள் இருந்த வருஷங்களில், இந்த வளைகுடா ஊரான ரூவியில் எங்கள் வீட்டுக்கு இதுதான் வாடை.

வேலைக்கு வந்த கணவரோடு ஐரோப்பாவிலிருந்து வந்தவர் நீங்கள். அவர் தவறிய பிறகும் ஊர் திரும்பாமல் வரைந்துகொண்டிருந்தீர்கள். இங்கே வரும் வெள்ளைக்காரர்கள் மலையையும் கோட்டையையும் வரைவார்கள். நீங்களோ லாண்டரிக்காரரை, டாக்ஸிக் கிழவரை, எங்கள் மலையாளி வாட்ச்மேனை வரைந்தீர்கள். ஏன் என்று பேப்பர் படித்துக் கற்ற என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். "மலை இங்கேயே இருக்கும். ஆட்கள் லீவில் போனால் திரும்பி வருவார்களா, தெரியாது" என்றீர்கள்.

போட்டோ பார்த்து வரைய மாட்டீர்கள். ஆள் எதிரில் உட்கார வேண்டும். பதினொரு வெள்ளிக்கிழமை நான் உட்கார்ந்ததை வீட்டுக் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறேன். உங்கள் வலது கை அப்போதே நடுங்கத் தொடங்கியிருந்தது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் என் கண்களை வரைந்தீர்கள். இதுவே கடைசிப் பெரிய படம் என்றும் சொன்னீர்கள்.

பன்னிரண்டாம் வெள்ளி, என் வீட்டுக்காரர் தூரத்தில் சோஹார் சைட்டில் வேலையாக இருந்தார். மூன்று நாளாகப் போன் இல்லை. அந்த மனத்தோடு வந்து பார்த்தால், படத்தில் முகம் முடிந்திருந்தது, நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. மற்றதெல்லாம் காய்ந்த பிறகே சிவப்பை வைப்பீர்கள் என்று தெரியும். தெரிந்தும் பொட்டில்லாத அந்த நெற்றியை அப்படியே விட முடியவில்லை. நீங்கள் டீ போட உள்ளே போன நேரம், பர்ஸிலிருந்த குங்குமத்தைத் தொட்டுப் படத்தின் நெற்றியில் வைத்துவிட்டேன். காயாத எண்ணெய்ச் சாயத்தில் விரல் வழுக்கியது. துடைக்கப் போனேன். புருவம், கண், மூக்கு எல்லாம் ஒரே சிவப்பாக இழுபட்டன.

டீயோடு வந்து நின்றீர்கள். "இப்போது போ" என்றீர்கள்.

மறுநாள் அவர் போன் செய்தார். கேம்ப்பில் லைன் கெட்டிருந்ததாம். நடந்ததைச் சொன்னேன். "ஏண்டி, படத்துக்குப் பொட்டு வைக்கிறது செத்தவங்களுக்குல்ல? உன் படத்துக்கு நீயே வச்சுக்கிட்டியாக்கும்" என்று சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "போய் மன்னிப்புக் கேளு. வயசானவங்க" என்றார்.

கேட்கவில்லை. மூன்று முறை படியேறினேன். உள்ளே உங்கள் இருமல் கேட்டதும் இறங்கிவிட்டேன். வைத்தியத்துக்கு ஊருக்குப் போனீர்களே, அன்று பெட்டிகள் இறங்கும் சத்தத்தைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். உங்கள் நட்சத்திரம் தெரியாததால் உங்களுக்காகச் சாமி பெயரிலேயே அர்ச்சனை செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து வாட்ச்மேன், "மேல்வீட்டு மேடம் கலாஸ், சேச்சி" என்றார். முடிந்தது என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் சொல். ஊருக்குப் போகும் முன் படத்தில் என் முகத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி வரைய உட்கார்ந்தீர்களாம். கை நிற்கவில்லையாம். அதையும் அவர்தான் சொன்னார்.

வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறேன். எல்லாவற்றையும் சாமியிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இதை மட்டும் சொல்வதில்லை. உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைச் சாமியிடம் கேட்டு முடித்துக்கொள்ள மனம் வரவில்லை.