லாரியை மறித்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை விளாங்குடியில் எங்கள் தெருவுக்குத் தலையணை தைப்பவர் வந்தார். பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சை உதறியதும் மூக்கில் ஏறிய நெடியில் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நம் மில்லில் நூல் சுற்றும் பகுதி அப்படித்தான் மணக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது நமக்குப் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "பாத்தியாத்தா, ரெண்டு பேரும் கெழவியாயிட்டோம்" என்று சிரிப்பீர்கள். கிழவியாகும் முன்பே போய்விட்டீர்கள்.

மில்லை மூடப்போவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு எல்லோருமாகப் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். நியாயமான இழப்பீடு தராமல் ஒரு மெஷின்கூட வெளியே போகக் கூடாது என்பதுதான் பேச்சு. சோற்றுக்கே திண்டாடிய நாட்கள்தான். ஆனாலும் அந்தப் பந்தலை நினைத்தால் கல்யாண வீடுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் எலுமிச்சை ஊறுகாய்க்கு அங்கே அடிதடியே நடக்கும். உங்கள் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் சீட்டாடிக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதென்று சங்கத் தலைவர் வந்தார். பெர்மனென்ட் ஆட்களுக்கு முழு இழப்பீடு. வருஷக்கணக்கில் டெம்பரவரியாகவே வைத்திருந்த நம் பெண்களுக்கு ஒன்றுமில்லை.

"மொதல்ல இது முடியட்டும்மா. ஒங்களுக்குப் பெறகு பேசுவோம்" என்றார்.

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நீங்கள் எழுந்தீர்கள். "இம்புட்டு நாளும் பந்தல்ல ஒக்காந்தோமே, அப்ப மட்டும் நாங்க பெர்மனென்டாண்ணே?"

உங்கள் வீட்டுக்காரர் பெர்மனென்ட். "நம்ம வீட்டுக்கு வர்ற காச நீயே மறிக்கிறியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். மெஷின் ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நீங்கள் நேராகப் போய் அதற்கு முன்னால் தார் ரோட்டில் உட்கார்ந்தீர்கள். நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னாலேயே மற்ற பெண்கள்.

டிரைவர் ஹாரன் அடித்தார், கெஞ்சினார், கடைசியில் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். ஆண்கள் வெகுநேரம் பந்தலிலேயே நின்றார்கள். முதலில் வந்தவர் உங்கள் வீட்டுக்காரர்தான். யார் முகத்தையும் பார்க்காமல், "கொஞ்சம் எந்திரி, ரோடு சுடுது" என்று உங்களுக்குத் துண்டை விரித்துவிட்டு, தான் வெறுந்தரையில் உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார்கள். ஆண்களுக்குச் சமமாக இல்லை, ஆனாலும் நம் பெயர் அதில் ஏறியது. வந்ததில் நீங்கள் தையல் மெஷின் வாங்கினீர்கள்; நான் மகளைப் பசுமலையில் படிக்கவைத்தேன். மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அங்கே சுவாசித்த பஞ்சுத் தூசிதான் உங்கள் இருமலாகி, போன தை மாதம் உங்களைக் கொண்டுபோனது.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் உங்களைப் பயமே அறியாதவள் என்றார்கள். லாரி உறுமியபோது நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தைரியம் சொல்லத்தான் பிடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கை வெடவெடவென்று நடுங்கியது. "எந்திரிச்சிராதத்தா" என்றீர்கள் காதோடு. "நீ எந்திரிச்சா நானும் எந்திரிச்சிருவேன்."

இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு விடுதியில் சமைக்கிறேன். அங்கேயும் அநியாயத்துக்குக் குறைவில்லை. கேட்க எழும்போது எனக்கும் கால் நடுங்கும். நடுக்கம் நிற்கட்டும் என்று நான் காத்திருப்பதில்லை, அக்கா. நடுங்கிக்கொண்டேதான் கேட்கிறேன்.